பக்கக்காற்றில் டேக் ஆஃப்: இறக்கை எழும்பிவிடுகிறது, எங்கே தவறுகிறேன்?

திருவொற்றியூர் தம்பி:
வெளியூரில் செஸ்னா 172 என்ற ஒற்றை எஞ்சின் சிறுவிமானம் ஓட்டப் பழகுகிறேன், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். போன வாரம் ஓடுபாதை 09 (90 டிகிரி, கிழக்கு நோக்கி), காற்று 050 டிகிரியிலிருந்து, அதாவது இடது முன்பக்கமிருந்து, 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்). யோக்கை (கையால் திருப்பும் கட்டுப்பாட்டுச் சக்கரம்) முழுக்க இடது பக்கம் திருப்பித்தான் ஓடத் தொடங்கினேன். மூக்கு இடப்பக்கம் இழுத்தது, காலால் இயக்கும் ரடரை (வால் சுக்கான்) கவனிக்கப் போய் கை தானாக நடுவுக்கு வந்துவிட்டது போல. 50 நாட் தாண்டியதும் இடது இறக்கை எழும்பி, வண்டி வலப்பக்கம் துள்ளியது. பயிற்றுநர் கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டார். அதிலிருந்து காற்றைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

ராயபுரம் பைலட்:
தம்பி, 40 டிகிரியில் வரும் 15 நாட் என்றால் பக்கவாட்டில் ஏறக்குறைய 10. 172-இல் சோதித்துக் காட்டிய பக்கக்காற்று அளவே 15 நாட், ஆகவே வண்டி தாங்கும். சிக்கல் நீயே சொன்ன இடத்தில்தான். மெதுவாக ஓடும்போது எய்லரானுக்கு (யோக் அசைக்கும் இறக்கை மடல்) பிடிப்பே இருக்காது, அதனால்தான் முழுத் திருப்பல். வேகம் ஏற ஏற அதற்கு வலு வரும், நீ கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், ஆனால் முழுக்க விடவே கூடாது, தரையை விட்டுக் கிளம்பும்போதும் காற்றுப் பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். கை இறக்கைக்கு, கால் மூக்குக்கு. அப்புறம், வழக்கமாக 55-இல் தூக்குகிறாய் என்றால் ஒரு 60 வரை தரையிலேயே வைத்திருந்து ஒரே மூச்சில் தூக்கு. அரைகுறையாகக் கிளம்பி, பக்கவாட்டில் நகர்ந்தபடி திரும்பத் தரையைத் தொட்டால் சக்கரக் கால்கள்தான் அடி வாங்கும்.

எண்ணூர் படகு வீடு:
எனக்கு விமானம் தெரியாது. முகத்துவாரத்தில் நீரோட்டம் பக்கத்தில் இழுக்கும்போது அப்பா படகின் முகத்தை ஓட்டம் வரும் பக்கமே கொஞ்சம் திருப்பி வைப்பார், படகு கோணலாகத் தெரியும், போவது நேராகத்தான் போகும். மேலேயும் அப்படித்தானா?

ராயபுரம் பைலட்:
அதேதான் அண்ணா. தரையை விட்டதும் மூக்கைக் காற்றுப் பக்கம் திரும்ப விட்டு, இறக்கைகளைச் சமமாக்கி, ஓடுபாதையின் நடுக்கோட்டு நேரிலேயே ஏற வேண்டும்.

திருவொற்றியூர் தம்பி:
புரிந்தது அண்ணா. காற்று வலப்பக்கமிருந்து வந்தால் இதே இழுப்பு இருக்குமா?

ராயபுரம் பைலட்:
குறைவாக இருக்கும். புரொப்பெல்லர் எப்படியும் மூக்கை இடப்பக்கம் இழுக்கும், இடக்காற்றும் அதோடு சேர்ந்துகொள்ளும், அன்று உனக்கு வலது ரடர் அவ்வளவு தேவைப்பட்டது அதனால்தான். வலக்காற்றில் இரண்டும் எதிரெதிர். அடுத்த முறை பயிற்றுநரிடம் 5, 6 நாட் இருக்கும் நாளாகக் கேட்டு, யோக்கை மட்டும் கவனித்து நாலைந்து முறை போ.