கிலீன் அருகே 1983 மாடல் மொபைல் ஹோம்: வாங்கிச் சீர்செய்து விற்கலாமா?

ஆஸ்டின்வாசி:
வணக்கம். ஆஸ்டினில் பதினோரு வருடமாக இருக்கிறேன், கிரீன் கார்டு வந்துவிட்டது. சாதாரண வீடு வாங்கிப் புதுப்பித்து விற்க இங்கே கையில் இருக்கும் பணம் போதாது. அதனால் பழைய மொபைல் ஹோம், அதாவது தொழிற்சாலையில் செய்து இழுத்துவந்து நிறுத்தும் வீடு, பக்கம் பார்வை போயிருக்கிறது.

போன சனிக்கிழமை டெக்சாஸ் கிலீன் அருகே ஒரு பார்க்கில் (இந்த வீடுகள் நிற்க மனை வாடகைக்கு விடும் வளாகம்) ஒன்றைப் பார்த்தேன். 1983-இல் செய்த சிங்கிள் வைட் (ஒரே துண்டாக வரும் வீடு), 14க்கு 66 அடி, இரண்டு படுக்கையறை. கேட்கும் விலை 8,500 டாலர். லாட் வாடகை, அதாவது வீடு நிற்கும் மனைக்கு, மாதம் 465. குளியலறை வாசலில் தரை கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது, மற்றபடி குறை தெரியவில்லை. 12,000 டாலர் செலவு செய்தால் 35,000-க்கு விற்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். பார்க் மேனேஜரிடம் கேட்டேன், "பிரச்சினை இல்லை" என்றார். செய்தவர்கள் சொல்லுங்கள்.

பழையஆணி:
தம்பி, நான் இதுவரை ஏழு வீடு செய்து விற்றிருக்கிறேன். உங்களுக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது தரையைப் பற்றி அல்ல, மேனேஜர் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி.

2019-இல் என் முதல் வீடு. வேகோ பக்கம், 1981 மாடல். தரை, சமையலறை, கூரைப் பூச்சு எல்லாம் சேர்த்து 11,000 டாலர் போட்டேன். வாங்க ஒரு குடும்பமும் வந்தது. அப்போதுதான் பார்க் அலுவலகம் ஒரு தாளை எடுத்து நீட்டியது: இத்தனை வயதுக்கு மேற்பட்ட வீடு கை மாறினால் பார்க்கை விட்டு வெளியேற்ற வேண்டுமாம். எனக்கு வாயால் "சரி" சொன்ன மேனேஜர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். சொந்த நிலம் வைத்திருந்த ஒருவருக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டேன். இழுத்துப்போகும் செலவையும் நானே கொடுத்தேன். அந்த ஒரு வீட்டில் போன பணத்தை மீட்க அடுத்த இரண்டு வீடு ஆயிற்று.

வீடு உங்களுடையது, மண் அவர்களுடையது. அதனால் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: இந்த வீடு விற்ற பிறகும் இதே லாட்டில் நிற்கலாம், நீங்கள் குடியிருக்காமலே வேலை செய்யலாம், புதிதாக வருபவருக்கு லாட் வாடகை இவ்வளவு. கடிதம் வராமல் ஒரு டாலர்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது வீட்டின் அடையாளம். 1976 ஜூன் 15-க்குப் பிறகு செய்த வீடுகளுக்குத்தான் ஹட் (மத்திய வீட்டுவசதித் துறை) கட்டுமான விதிமுறை உண்டு. உங்களுடையது 1983, நல்லது. வெளிச்சுவரின் ஒரு முனையில் சின்னச் சிவப்பு உலோகத் தகடு இருக்க வேண்டும். உள்ளே சமையலறை அலமாரியிலோ மின்பெட்டி அருகிலோ ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள், தொடர் எண் அதில் இருக்கும். அந்த எண்ணை வைத்து டிடிஹெச்சிஏ (டெக்சாஸ் மாநில வீட்டுவசதித் துறை) தளத்தில் தேடுங்கள். உரிமையாளர் யார், சொத்துவரி பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அந்தப் பாக்கி வீட்டோடு ஒட்டிக்கொண்டு உங்களிடம் வந்து சேரும்.

இப்போது தரை. "கொஞ்சம் மெத்தென்று" என்கிறீர்களே, எனக்கு அதுதான் பயம். அந்தக் காலத்து வீடுகளில் தரை பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு, மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. தண்ணீர் பட்டால் உப்பிப் பிறகு பிஸ்கட் மாதிரி உதிரும். ஸ்க்ரூ டிரைவரோடு திரும்பப் போங்கள். கழிப்பறையைச் சுற்றி, தொட்டி ஓரம், வாட்டர் ஹீட்டர் அடியில், ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே குத்திப் பாருங்கள். அப்புறம் ஸ்கர்ட்டிங்கை (வீட்டின் அடிப்பக்கத்தைச் சுற்றி மறைக்கும் தகடு) கழற்றி டார்ச் அடித்து வீட்டுக்கு அடியில் பாருங்கள். வயிற்றுப்பகுதியில் கட்டியிருக்கும் கறுப்பு ஷீட் தொங்கினால் அதற்குள் தண்ணீர் நிற்கக்கூடும். 2021 பிப்ரவரிக் குளிரில் டெக்சாஸ் முழுக்கக் குழாய்கள் வெடித்தன. அப்போது அவசரத்துக்கு ஒட்டுப்போட்டுவிட்ட வீடுகள் இன்றும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. சாம்பல் நிறப் பாலிபியூட்டிலின் குழாய் கண்ணில் பட்டால் மொத்தமாகப் பெக்ஸ் (வளையும் பிளாஸ்டிக்) குழாய்க்கு மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குளோரின் பட்டு அது உள்ளிருந்தே விரிசல் விடும்.

பொருள் வாங்கும்போது அளவில் கவனம். வெளிக்கதவு பெரும்பாலும் 34க்கு 76 அங்குலம், சாதாரண வீட்டின் 36க்கு 80 பொருந்தாது. குளியல் தொட்டியும் பல வீடுகளில் 54 அங்குலம்தான். வாட்டர் ஹீட்டரும் ஃபர்னஸும் இந்த வகை வீட்டுக்கென்று அங்கீகரித்ததாகவே இருக்க வேண்டும்.

லபக்_அம்மா:
நான் வாங்கி விற்றவள் இல்லை, குடியிருந்தவள். என் கணவர் லபக்கில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது மூன்று வருடம் இப்படி ஒரு வீட்டில் இருந்தோம். எங்களுக்கு விற்றவர் புது வினைல் தரை, புது பெயின்ட் எல்லாம் பளபளவென்று போட்டுக் கொடுத்தார். இரண்டாம் மாதம் என் பையன் குளித்துவிட்டு வெளியே வைத்த கால் உள்ளே இறங்கிவிட்டது. அழுகிய பலகையின் மேலேயே வினைலை ஒட்டியிருந்தார்கள். முழங்காலில் பலத்த அடி.

இந்த வீடுகளை வாங்குபவர்கள் இருக்கிற சேமிப்பையெல்லாம் போட்டுத்தான் வாங்குகிறார்கள். கிரானைட் மேடை வேண்டாம் தம்பி. தரையடி இன்சுலேஷனைச் சரியாகப் போட்டுக் கொடுங்கள். அது கிழிந்து தொங்கிய வீட்டில் ஜனவரி மாத மின்கட்டணத்தை நாங்கள் கட்டியிருக்கிறோம்.

பழையஆணி:
அம்மா சொன்னதை நானும் வழிமொழிகிறேன். மெத்தென்ற பலகையை வெட்டி எடுத்துவிட்டு முக்கால் அங்குல பிளைவுட் போடுங்கள். மேலே ஒட்டி மூடாதீர்கள்.

உங்கள் கணக்குக்கும் வருகிறேன். ஐந்து மாதம் பிடிக்கும் என்றால் லாட் வாடகை மட்டும் 2,325. நீங்கள் சொன்ன 8,500, 12,000 இரண்டையும் சேர்த்தால் மொத்தம் 22,825 ஆகிவிடுகிறது. பார்க்கில் நிற்கும் இந்த வயது வீட்டுக்குக் கடன் கொடுக்கும் வங்கி அரிது. 35,000 ரொக்கமாகக் கொண்டுவரும் குடும்பங்களும் குறைவு. என் அனுபவத்தில் இது 28,000-க்குப் போகும். மிஞ்சும் ஐயாயிரத்துச் சொச்சத்தை நீண்டகால முதலீட்டு லாபமாகக் காட்ட முடியாது, தொழில் வருமானம். 15.3 சதவீத சுயதொழில் வரியும் உண்டு. தவணையில் விற்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அது கடன் கொடுப்பதற்குச் சமம், அதற்கென்று மத்திய, மாநிலச் சட்டங்கள் இருக்கின்றன, வக்கீல் இல்லாமல் இறங்காதீர்கள். இதைத் தொடர்ந்து செய்வதானால் டிடிஹெச்சிஏ உரிமம் வேண்டும், அதற்கு வகுப்பும் பிணைத்தொகையும் உண்டு. முதல் வீட்டுக்கு முன்பே அவர்களிடம் பேசிவிடுங்கள்.

8,500 அதிகம். 5,000-க்கு மேல் போகாதீர்கள்.

ஆஸ்டின்வாசி:
நேற்று ஸ்க்ரூ டிரைவரோடு போனேன். குளியலறையில் மட்டுமல்ல, சமையலறை ஜன்னலுக்குக் கீழும் உள்ளே இறங்கியது. கறுப்பு ஷீட் ஓரிடத்தில் பானை வயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்புத் தகடு இருக்கிறது, வரிப் பாக்கி இல்லை. விற்பவரிடம் படங்களைக் காட்டினேன், 4,800-க்கு இறங்கிவிட்டார். பார்க் கடிதமும் வந்துவிட்டது: வீடு அங்கேயே நிற்கலாம், ஆனால் ஸ்கர்ட்டிங்கும் முன்படியும் புதிதாகப் போட வேண்டும். உள்கதவுகள் இரண்டு சரியாக மூடவில்லை. தரையை முதலில் பிரிக்கவா, கதவை முதலில் பார்க்கவா?

பழையஆணி:
இரண்டும் இல்லை. வீடு ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, அதனால்தான் கதவு பிடிக்கிறது. முதலில் லெவல் (வீட்டை மட்டமாக்குவது), பிறகு குழாய், அதற்குப் பிறகு தரை. லெவல் பார்க்க உரிமம் உள்ள இன்ஸ்டாலரைக் கூப்பிடுங்கள், காற்றில் பெயராமல் வீட்டை மண்ணோடு கட்டும் டை-டவுன் பட்டைகளையும் அவரே பார்த்துவிடுவார். அவர் வரும் நாளைச் சொன்னால் நானும் டெம்பிளிலிருந்து வந்துவிடுகிறேன். முந்தின நாள் மழை பெய்திருந்தால் தள்ளிப்போடுங்கள், ஈர மண்ணில் ஜாக் இறங்கும்.