பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் இளநிலை உதவியாளராகச் சேரப் போகிறேன்: முதல் வாரத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

அம்பைக்காரி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எனக்குச் சொந்த ஊர். ஆறரை ஆண்டுகளாகத் தனியார் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் கட்டணம் வாங்குவது, ரசீது போடுவது, மாணவர் வருகையைத் தொகுப்பது ஆகிய வேலைகளைப் பார்த்து வருகிறேன். இப்போது அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இளநிலை உதவியாளராக நியமன ஆணை வந்திருக்கிறது. தேர்வுப் பிரிவில்தான் இடம் கிடைக்கும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். ஆணையில் குறித்திருக்கும் கடைசி நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாட்களே இருக்கின்றன.

எனக்கு மூன்று கவலைகள். முதலாவது, இப்போது வேலை பார்க்கும் கல்லூரியில் நான் சேர்ந்தபோது வாங்கி வைத்த அசல் சான்றிதழ்களை, மூன்று மாத முன்னறிவிப்பு கொடுக்காமல் தர முடியாது என்கிறார்கள். இரண்டாவது, எனக்குக் கணினியில் பட்டியல் போடத் தெரியுமே தவிர, கோப்பில் குறிப்பு எழுதிப் பழக்கமில்லை. எங்கள் கல்லூரியில் எல்லாம் செயலாளர் வாயால் சொல்வதுதான். மூன்றாவது, பணியில் சேரும் நாளில் எந்தெந்தத் தாள்களில் கையெழுத்து வாங்குவார்கள், அவற்றில் எதை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லித்தர வீட்டில் யாரும் இல்லை. எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளத்துக்கு அலுவலகம் போகும் முதல் ஆள் நான்தான்.

அனுபவமுள்ள அண்ணாச்சிமார்களும் அக்காமார்களும் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய கண்காணிப்பாளர் எழுதியது:

தங்கைக்கு வாழ்த்துகள். முப்பத்தொரு ஆண்டுகள் கோப்புகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் சான்றிதழ் விவகாரம். வாய்ப்பேச்சில் கேட்டுக்கொண்டிருந்தால் பன்னிரண்டு நாளும் ஓடிவிடும். பணி விலகல் கடிதத்தையும் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தரக் கோரும் கடிதத்தையும் தனித்தனியாக எழுதி நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் அதையே விரைவுத் தபாலில், சேர்ந்ததற்கான ஒப்புகை கேட்டு அனுப்பிவிடுங்கள். அதே நாளில், சான்றிதழ்கள் கைக்கு வரத் தாமதமாகிறது என்பதைக் குறிப்பிட்டு, பணியேற்கக் காலநீட்டிப்பு வேண்டிப் பதிவாளருக்கு ஒரு விண்ணப்பமும் போய்விட வேண்டும். கெடு முடிந்த மறுநாள் சொல்லும் காரணத்துக்கும், கெடு முடியுமுன் எழுத்தில் கொடுத்த காரணத்துக்கும் அலுவலகத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

நியமன ஆணையை மறுபடி எடுத்து, 'காலமுறை ஊதியம்' (ஆண்டு உயர்வும் படிகளும் உள்ள நிலையான ஊதிய விகிதம்) என்று இருக்கிறதா, 'தொகுப்பூதியம்' (மாதத்துக்கு இவ்வளவு என்ற ஒரே தொகை) என்று இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டு ஊதிய அட்டவணையில் இளநிலை உதவியாளருக்கு நிலை 8, தொடக்க அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய். அந்த நிலை உங்கள் ஆணையில் எழுதப்பட்டிருந்தால், மேற்கொண்டு தகுதிகாண் பருவம் எவ்வளவு என்ற வரியையும் தேடிப் படியுங்கள். அரசு அமைச்சுப் பணியில் (அலுவலக எழுத்தர் வகைப் பணியில்) தொடர்ச்சியான மூன்றாண்டுக்குள் இரண்டாண்டுப் பணி என்பது வழக்கம். பல்கலைக்கழகம் அரசு விதிகளைத் தழுவி நடந்தாலும் தனக்கென்று சட்டமும் விதிகளும் உடையது. ஆகவே பக்கத்து வீட்டு வட்டாட்சியர் அலுவலக ஊழியர் சொல்வதை அப்படியே நம்பாமல், உங்கள் ஆணை என்ன சொல்கிறது என்பதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பணியேற்பு அறிக்கையில் 'முற்பகல்' என்று எழுதும்படி காலையிலேயே போய்ச் சேருங்கள். பிற்பகலில் சேர்ந்தால் சம்பளம் மறுநாளிலிருந்துதான் கணக்காகும். ஒரே நாளில் சேருகிறவர்களுக்குள் பணிமூப்புத் தகராறு கிளம்புவதற்கும் அந்த ஒரு சொல் போதும்.

பிறகு பணிப்பதிவேடு. அதன் முதல் பக்கத்தில் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, உயரம், இரண்டு அங்க அடையாளங்கள், விரல் ரேகைகள் எல்லாம் பதிவாகும். நம் ஊரில் 'லட்சுமி'யை 'லெட்சுமி' என்று எழுதுவதுதான் வழக்கம். பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரியும் ஆதார் அட்டையில் இன்னொரு மாதிரியும் இருந்து, ஓய்வுக்கால ஆவணங்கள் தயாராகும்போது அந்த ஒற்றைக் கொம்புக்காக அலைந்தவர்களை எனக்குத் தெரியும். எஸ்எஸ்எல்சி சான்றிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். பிறந்த தேதியைத் திருத்தக் கோர அரசுப் பணியில் ஐந்தாண்டுதான் அவகாசம். அதற்குப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். ஓய்வூதியத்துக்காக அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் பத்து விழுக்காடு பிடித்தம் உண்டு. அந்தக் கணக்கு எண் கிடைக்கும்வரை மாதாமாதம் கேட்டுக்கொண்டிருங்கள். வாரிசு நியமனப் படிவத்தையும் அன்றே கொடுத்துவிடுங்கள்.

குறிப்பு எழுதுவதைப் பற்றி: வந்த கடிதம் என்ன கேட்கிறது, அதற்கான விதி என்ன, இதற்குமுன் இதே போன்ற ஒன்றை எப்படி முடித்தார்கள், இப்போது நாம் என்ன செய்யலாம் என்ற வரிசையில் எழுதினால் போதும். புதியவர்கள் முதல் மூன்றையும் அழகாக எழுதிவிட்டு, நான்காவதில் 'தக்க ஆணை வேண்டப்படுகிறது' என்று நழுவிவிடுவார்கள். அப்படி எழுதினால் உங்கள் வேலையை மேலே உள்ளவர் செய்ய வேண்டியதாகிவிடும். தவறாக இருந்தாலும் உங்கள் பரிந்துரையை எழுதுங்கள். அதை அடித்துத் திருத்துவதற்குத்தான் பிரிவு அலுவலரும் உதவிப் பதிவாளரும் இருக்கிறார்கள். பிரிவில் பழைய முடிந்த கோப்புகள் இருக்கும். ப.மு. என்றால் பத்தாண்டு முடிவு, மூ.மு. மூன்றாண்டு, ஓ.மு. ஓராண்டு, அத்தனை காலம் அந்தக் கோப்பைக் கழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று பொருள். மதிய உணவுக்குப் பிறகு நாளுக்கு இரண்டு ப.மு. கோப்புகளை எடுத்துப் படித்தால், ஒரு மாதத்தில் அந்த மொழி தானாகக் கைவந்துவிடும்.

முன்பிருந்தவரிடமிருந்து நீங்கள் ஏற்கும் கோப்புகளின் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் ஒன்றை நீட்டுவார்கள். முன்பிருந்தவர் நல்லவராக இருந்தால் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முதல் நாளே முறுக்கிக்கொள்ள வேண்டாம்.

பாளைக் கல்லூரி ஊழியர் எழுதியது:

நான் சாளரத்துக்கு மறுபக்கத்து ஆள். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் தேர்வு வேலைகளைப் பார்ப்பதால் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுகளின் வாசலில் பல ஆண்டுகளாக நின்றிருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

உங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்கள். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி ஆகிய நான்கு மாவட்டக் கல்லூரிகளும் இந்த ஒரே பல்கலைக்கழகத்தின்கீழ் இருப்பதால், விடியுமுன் பேருந்து ஏறி, சந்திப்பில் மாறி, டவுனையும் பேட்டையையும் தாண்டி அபிஷேகப்பட்டிக்கு வந்து சேரும்போது பத்துமணி வெயில் ஏறியிருக்கும். அவர்களிடம் 'ஒரு சான்று குறைகிறது, நாளை வாருங்கள்' என்று சொல்வதற்கும், குறைகிறவை அனைத்தையும் ஒரே தடவையில் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பதற்கும் இடையே அவர்களுக்கு இரண்டு நாள் மிச்சமாகிறது.

பட்டச் சான்றிதழ், தற்காலிகச் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ் (வேறு பல்கலைக்கழகத்தில் சேர), மெய்த்தன்மைச் சான்று (சான்றிதழ் உண்மையானது என்பதற்கு) ஆகியவற்றைப் பொதுமக்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வார்கள். என்ன வேண்டும் என்று கேட்பதைவிட எதற்காக வேண்டும் என்று கேளுங்கள். வளைகுடாவுக்குப் போகிறவருக்கும், வேறு மாநிலத்தில் மேற்படிப்புக்குச் சேருகிறவருக்கும் தேவை வேறு வேறு.

மிக முக்கியமான இன்னொன்று உண்டு. இந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1990-இல். அதற்குமுன் நம் பகுதிக் கல்லூரிகள் மதுரைப் பல்கலைக்கழகத்தோடும், அது 1966-இல் தோன்றுமுன் சென்னைப் பல்கலைக்கழகத்தோடும் இணைந்திருந்தன. பாளையிலேயே படித்தேன், நெல்லையில்தானே இருக்கும் என்று எண்ணி, 1984-இல் பட்டம் முடித்த ஒருவர் மகனின் துணையோடு வந்து, வரிசையில் இரண்டு மணி நேரம் நின்ற பிறகு மதுரைக்குப் போகச் சொல்லப்பட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மதிப்பெண் பட்டியலின் தலைப்பில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதை வரிசையில் நிற்கும்போதே ஒரு பார்வை பார்த்துவிட்டால் அந்த இரண்டு மணி நேரம் மிஞ்சும். 1990-ஐ ஒட்டிப் படித்தவர்களுக்கு ஆண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். தலைப்பை வைத்தே முடிவு செய்யுங்கள்.

பெயரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு, பேச்சு அங்கே வந்துவிட்டதால்: சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட நாடகம் 'மனோன்மணீயம்', பல்கலைக்கழகத்தின் பெயரில் 'மனோன்மணியம்'. தமிழ் படித்தவர்கள் கடிதத்தில் நெடிலைப் போட்டுத் திருத்தி அனுப்புவார்கள். நீங்கள் வரைவு எழுதும்போது பல்கலைக்கழகம் எழுதுகிறபடியே எழுதுங்கள்.

சமாதானபுரத்தான் எழுதியது:

பெரியவர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன், கடைசிப் பத்தியைத் தவிர. அதை நம்பியதால் அடிபட்டவன் நான்.

எங்கள் மாவட்டத்துக்கு வெளியே ஓர் அரசு அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த மூன்றாம் நாள், எனக்கு முன்பிருந்த அண்ணன் 214 கோப்புகள் கொண்ட பட்டியலை நீட்டினார். தங்கமான மனிதர், அன்று மதியம் எனக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். 'அனைத்தும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இரண்டாண்டு கழித்துத் தணிக்கைக்கு வந்தவர்கள் மூன்று கோப்புகளைக் கேட்டார்கள். அலமாரியில் இல்லை, தன்பதிவேட்டில் (ஒவ்வோர் உதவியாளரும் தன்னிடம் வரும் தாள்களைப் பதியும் பதிவேட்டில்) இருக்கிறது, பட்டியலில் என் கையெழுத்து இருக்கிறது. அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதி 17(அ)-இன்கீழ் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. அந்த அண்ணனோ அதற்குள் ஓய்வு பெற்று மகளோடு போய்விட்டார். எட்டு மாதம் கழித்து, பழைய நாட்காட்டிகளையும் உடைந்த இயந்திரம் ஒன்றையும் போட்டுவைத்திருந்த பீரோவின் அடித்தட்டில் அந்த மூன்றும் ஒரே நாடாவில் கட்டியபடி கிடைத்தன. அதற்குள் ஓர் ஆண்டு ஊதிய உயர்வு தள்ளிப்போயிருந்தது.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அவரும் தனக்கு முன்பிருந்தவரிடம் எண்ணாமல் வாங்கியவர்தான். ஆகவே தங்கச்சி, ஒப்படைக்கிறவர் நல்லவரா என்பது கேள்வியே அல்ல. தேர்வுப் பிரிவில் கோப்போடு வெற்றுச் சான்றிதழ்த் தாள்கள், முத்திரைகள், சாவிகள் என்று ஏதாவது உங்கள் பொறுப்பில் வந்தால், தாள்களைத் தொடர் எண் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணுங்கள். கட்டு பிரிக்காமல் இருக்கிறது என்பதற்காக நூறு என்று எழுதிவிடாதீர்கள்.

பழைய கண்காணிப்பாளர் எழுதியது:

தம்பி சொல்வது சரி. எனக்கு அப்படி நேராததால் எளிதாக எழுதிவிட்டேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: எண்ணுவதற்கு நேரம் தராமல் அவசரப்படுத்தினால், சண்டை போட வேண்டியதில்லை. கையெழுத்துக்கு மேலே 'சரிபார்ப்புக்கு உட்பட்டுப் பெற்றுக்கொண்டேன்' என்று உங்கள் கையாலேயே எழுதி, தேதியிட்டு, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வாரத்துக்குள் எண்ணி முடித்து, இருப்பதையும் இல்லாததையும் பிரிவு அலுவலருக்குக் குறிப்பாக வைத்துவிடுங்கள். வாரம் தாண்டினால் அந்த வரிக்கு மதிப்பில்லை.

அம்பைக்காரி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பணியில் சேர்ந்து இன்றோடு எட்டு நாள் ஆகிறது.

கல்லூரியில் கடிதத்தை வாங்க மறுத்ததால் விரைவுத் தபாலில் அனுப்பினேன். சேர்ந்ததற்கான ஒப்புகை எனக்கு வந்த மறுநாளே அழைத்து, ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டார்கள். காலநீட்டிப்பு தேவைப்படவில்லை. செங்கோட்டை ரயிலில் பேட்டையில் இறங்கிப் பேருந்து பிடித்து, ஒன்பது ஐம்பதுக்கெல்லாம் 'முற்பகல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பட்டியலில் 96 கோப்புகள் இருந்தன. எண்ணிவிட்டுக் கையெழுத்திடுகிறேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் ஒப்படைத்த அக்காவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் எண்ணைப் படிக்க நான் கோப்பை எடுத்துக் காட்டச் சரிபார்த்தோம். இரண்டு பிற்பகல் ஆயிற்று. 95 கிடைத்தது. ஒன்றைக் காணவில்லை என்றதும் எனக்குச் சமாதானபுரத்து அண்ணனின் பீரோதான் கண்முன் வந்தது. அது உதவிப் பதிவாளர் மேசையில் கையெழுத்துக்காக இருப்பதாகத் தன்பதிவேட்டைப் பார்த்து அக்கா சொன்னார். போய்ப் பார்த்தேன், இருந்தது. பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே அதையும் எழுதிவிட்டுத்தான் கையெழுத்திட்டேன்.

நேற்று என் முதல் குறிப்பை வைத்தேன், பரிந்துரையோடு. நான்கு வரியில் மூன்றைப் பிரிவு அலுவலர் சிவப்பு மையில் அடித்துத் திருத்தியிருந்தார். பரிந்துரையை மட்டும் அப்படியே விட்டிருந்தார்.

இன்னும் ஒரு சந்தேகம். சன்னலுக்கு அருகில் மேசை. மேல்காற்று அடிக்கத் தொடங்கிவிட்டதால் தாள்கள் நிற்கவில்லை. கண்ணாடிக் குண்டு ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாமா, அல்லது அதற்கும் கேட்புப் படிவம் எழுத வேண்டுமா?