‘தி தேர்ட்டீன்த் வாரியர்’ படத்தில் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு?

ரங்கூன் தமிழாசிரியை:
அனைவருக்கும் வணக்கம். கோயிலை ஒட்டி நடக்கும் எங்கள் தமிழ் வகுப்பில், பெரிய பிள்ளைகளுக்கு அவ்வப்போது ஒரு படம் காட்டி, அதைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதச் சொல்கிறோம். அடுத்து, 1999-இல் வெளிவந்த ‘தி தேர்ட்டீன்த் வாரியர்’ படத்தைக் காட்ட எண்ணியிருக்கிறேன். பாக்தாதிலிருந்து வெளியேற்றப்பட்ட அகமது இப்னு ஃபத்லான் என்ற அரபுக் கவிஞன், வடதிசை வீரர் பன்னிருவருடன் பதின்மூன்றாவது ஆளாகச் சேர்ந்து, மூடுபனியில் வந்து மனிதரைக் கொன்று தின்னும் கூட்டத்தோடு போரிடுவதுதான் கதை. இப்படி ஒருவர் உண்மையில் வாழ்ந்தாரா? அவர் கனத்த வாளைச் சாணையில் தேய்த்து வளைவாளாக்கும் காட்சி நடக்கக்கூடியதா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பெகு வாசகர்:
வணக்கம் அம்மா. அவர் உண்மையில் வாழ்ந்தவர்தான். ஆனால் யாரும் அவரை நாடு கடத்தவில்லை. அவர் வாளெடுத்துப் போரிட்டவரும் அல்லர். வோல்கா ஆற்றங்கரையை ஆண்ட பல்கர் அரசன், சமயம் கற்பிக்க ஆட்களும் கோட்டை கட்ட உதவியும் கேட்டதற்கிணங்க, பாக்தாதை ஆண்ட அப்பாசியக் கலீஃபா அல் முக்ததிர் 921-இல் அனுப்பிய தூதுக்குழுவில் அவர் இடம்பெற்றார். கலீஃபாவின் கடிதத்தை அரசன் முன் படித்துக்காட்டுவதும் பரிசுகளை ஒப்படைப்பதும் அவருடைய பொறுப்புகள். 922 மே மாதத்தில் அங்கே போய்ச் சேர்ந்தவர், வணிகத்துக்காக ஆற்றங்கரையில் தங்கியிருந்த, வடதிசையிலிருந்து வந்த ரூஸ் மக்களைக் கூர்ந்து கவனித்து எழுதினார். பேரீச்சை மரம்போல் உயர்ந்தவர்கள். கோடரி, வாள், கத்தி மூன்றையும் எப்போதும் உடன் வைத்திருப்பவர்கள். காலையில் ஒரே பாத்திரத்து நீரில் ஒருவர் பின் ஒருவராக முகம் கழுவி, அதிலேயே மூக்கைச் சிந்துபவர்கள் என்று அவர் எழுதுவதைப் படித்தால் அவர்கள் நம் கண்முன் நிற்பார்கள். அந்தப் பாத்திரமும், இறந்த தலைவனைக் கப்பலோடு எரிக்கும் சடங்கும் படத்தில் இருக்கின்றன. வடக்கே சென்று போரிடும் பகுதி முழுவதும், மைக்கேல் கிரைட்டன் 1976-இல் வெளியிட்ட நாவலில், பேவுல்ஃப் என்னும் பழைய ஆங்கிலக் காவியத்தைத் தழுவிப் புனைந்தது.

மோல்மேன் பட்டறைக்காரர்:
வாளைப் பற்றி நான் சொல்கிறேன்; எங்கள் குடும்பத் தொழில் இரும்பு வேலை. தேய்ப்பதில் சூடு ஏறினால் தோய்ச்சல் (காய்ச்சிக் குளிர்வித்து எஃகுக்கு ஏற்றிய கடினம்) கெட்டுவிடும். நீர் விட்டுப் பொறுமையாகத் தேய்த்தால் அதைக் காப்பாற்றலாம். பெரிய தடை வேறு இடத்தில் இருக்கிறது. அக்கால வடநாட்டு வாள்கள் பலவற்றில் விளிம்பில்தான் கடினமான எஃகு இருக்கும், நடுப்பகுதி இளகிய இரும்பாக இருக்கும். நேரான இருமுனை வாளை வளைவாகத் தேய்த்தால் அந்த நல்ல விளிம்பே போய்விடும், மிஞ்சும் வாய் கூர்மை தாங்காது. தூக்க முடியாத கனம் என்பதும் மிகை, ஏனெனில் அந்த வாள்கள் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்டவைதாம். மேலும் பத்தாம் நூற்றாண்டு அரபு வாள்களில் பெரும்பாலானவை நேரானவை. வளைவாள் அப்போது மத்திய ஆசியப் புல்வெளிக் குதிரை வீரர்களின் ஆயுதமாக இருந்தது.

தட்டோன் பெரியவர்:
மகளே, பிள்ளைகளைத் தீமூட்டிய இரவுக் காட்சியைக் கவனமாகப் பார்க்கச் சொல்லுங்கள். வீரர்கள் தங்கள் மொழியில் பேசிச் சிரிக்கிறார்கள். அகமது வாய் திறக்காமல் அவர்களுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இரவுகள் கழியக் கழிய, புரியாத பேச்சின் நடுவே புரியும் சொற்கள் ஒவ்வொன்றாக நம் காதிலும் விழத் தொடங்குகின்றன. ஒருவன் அவனுடைய தாயை இழிவாகப் பேசும்போது அவர்கள் மொழியிலேயே பதிலடி கொடுக்கிறான். எங்கே கற்றாய் என்றால், கேட்டுக்கொண்டிருந்தேன் என்கிறான். உண்மையான தூதர் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டுதான் பேசினார் என்றாலும், இந்தக் கற்பனையை நான் முழுமனதோடு ஏற்கிறேன். நெல் வயலுக்கு வந்த நம் முன்னோர் பலர், புத்தகம் இல்லாமல் இப்படித்தான் பர்மிய மொழி பேசக் கற்றார்கள். பிறகு தலைவன் புல்விஃப், ஒலிகளை வரைய முடியுமா என்று கேட்க, அகமது மண்ணில் எழுதிக் காட்டுகிறான். பின்னொரு சமயம் புல்விஃப் அதே எழுத்துகளைத் தானே எழுதிக் காட்டுகிறான். சண்டைக் காட்சிகள் அனைத்தையும்விட, அந்நியன் ஒருவன் அக்கூட்டத்தில் மதிப்புப் பெறுவதை இவ்விரு காட்சிகளே நன்றாகக் காட்டுகின்றன. கட்டுரைக்கு இவற்றையே தலைப்பாகக் கொடுங்கள்.

பெகு வாசகர்:
ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். வெட்டுண்ட தலைகளும் சிதைந்த உடல்களும் படத்தில் வெளிப்படையாகக் காட்டப்படுகின்றன. ஆகவே பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களை அன்று வகுப்புக்கு அழைக்க வேண்டாம்.