கோக்கர்ஸ் வாக்கில் அம்மா பார்த்த வட்டம்: தரிசனமா, கண்மயக்கமா?

பூம்பாறைக்காரன்:
வணக்கம். கொடைக்கானலில் டாக்சி ஓட்டுகிறேன், சொந்த ஊர் பூம்பாறை. போன மார்கழியில் அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, சும்மா கொஞ்சம் நடக்கலாம் என்று கோக்கர்ஸ் வாக்குக்குக் கூட்டிப்போனேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். முதுகுப் பக்கம் வெயில், எதிரே பள்ளம் முழுக்க மேகம். கம்பியைப் பிடித்து நின்ற அம்மா திடீரென்று கை கூப்பினார். மேகத்தின் மேல் அவர் நிழல். அதன் தலையைச் சுற்றி வண்ண வட்டம், உள்ளே நீலம், ஓரத்தில் சிவப்பு. "வேலப்பா, எனக்கா?" என்று அழுதுவிட்டார். எங்கள் ஊர் குழந்தை வேலப்பர்தான் அவருக்கு எல்லாம். பூண்டு எடுத்தால் முதல் கூடை கோயிலுக்குத்தான்.

நானும் பார்த்தேன். ஆனால் என் கண்ணுக்கு வட்டம் என் நிழலின் தலையில்தான் இருந்தது. பக்கத்திலேயே அம்மாவின் நிழல் வெறுமனே நின்றது. சொன்னதும் அழுகை நின்றுவிட்டது. "அப்படியா? நீ கையைத் தூக்கு. இப்ப இந்தப் பக்கம் வந்து நில்லு" என்று ஆரம்பித்துவிட்டார். சோளம் விற்கும் பெண்ணையும் கூப்பிட்டுக் கேட்டார். அந்தப் பெண்ணுக்கும் அவள் தலையில்தான் தெரிந்தது. மேகம் கலையும்வரை அம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அதற்கு முந்தின மாதம் ஒருவர் வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழத்தை அறுத்தார். ரத்தம் மாதிரி ஒழுகியது. செய்வினை என்றார், பரிகாரத்துக்கு 15,000 ரூபாய் கேட்டார். அம்மா "அந்தக் கத்தியைக் குடுங்க, பார்க்கிறேன்" என்றதற்கு, "சந்தேகப்பட்டா குடும்பத்துக்கு ஆகாது" என்று முகம் கறுத்துவிட்டார். பயந்துபோய்ப் பாதிப் பணம் கொடுத்தவன் நான்.

இரண்டுமே கண்ணால் பார்த்ததுதான். எது தெய்வம், எது மாயை என்று எப்படிப் பிரிப்பது? வட்டத்துக்குக் காரணம் ஏதாவது இருக்கும் என்று தெரியும். அதைச் சொன்னால் அம்மா உடைந்துபோவாரோ என்று பயமாக இருக்கிறது.

மலை வாத்தியார்:
தம்பி, உங்கள் அம்மா செய்ததுதான் சரியான சோதனை. சூரியன் நேர் பின்னால் இருக்கும்போது, மேகத்தின் நுண்ணிய நீர்த்துளிகளுக்குள் போகும் வெளிச்சம் ஏறக்குறைய வந்த வழியே திரும்புகிறது. அதனால் அவரவர் கண்ணுக்கு அவரவர் தலைநிழலைச் சுற்றித்தான் வட்டம். விமானத்தில் போகிறவர்கள் கீழே மேகத்தில் விமானத்தின் நிழலைச் சுற்றி இதையே பார்க்கிறார்கள்.

1894இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் வில்சன் என்ற இளைஞர் இந்த வட்டங்களைப் பார்த்து மயங்கிப்போனார். ஆய்வுக்கூடத்திலேயே மேகத்தை உண்டாக்கப் புறப்பட்டவர், கடைசியில் அணுத்துகள் போகும் தடத்தைக் கண்ணுக்குக் காட்டும் மேகக்கலத்தைச் செய்தார். அதற்கு 1927இல் நோபல் பரிசு. காரணம் தெரிந்த பிறகும் இந்த வட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. தயங்காமல் அம்மாவிடம் சொல்லுங்கள்.

வத்தலக்குண்டு அக்கா:
எலுமிச்சைக்கு நான் சொல்கிறேன். செம்பருத்தி இதழைக் கசக்கிக் கத்தியில் தேய்த்துக் காயவைத்தால் பார்வைக்குத் தெரியாது. புளிப்புச் சாறு பட்டதும் சிவந்துவிடும். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். கத்தியைத் தர மறுத்தாரே, அப்போதே தெரிந்திருக்க வேண்டும் தம்பி. அந்த இடத்தில் ஒரு பயத்தையும் ஒரு தொகையையும் சேர்த்தே வைத்தார் பாருங்கள். உங்கள் வேலப்பர் பூண்டு கேட்டு மிரட்டினாரா?

சண்முகநதி:
அக்கா சொல்வது சரி. ஆனால் கேள்வி கேட்க விடுகிறாரா என்பதை மட்டும் வைத்து ஆளை நம்பிவிடாதீர்கள். கெட்டிக்காரத்தனமாக ஏமாற்றுகிறவன் "நல்லா கேளுங்க" என்றுதான் சொல்வான். அதேபோல, காரணம் தெரியாததெல்லாம் தெய்வம், தெரிந்தால் இல்லை என்பதையும் நான் ஏற்கமாட்டேன். அப்படியானால் ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் தெய்வம் ஒரு அடி பின்னால் நகர வேண்டியிருக்கும். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பழனிக்கு நடக்கிறேன். இதுவரை ஓர் அடையாளமும் கண்டதில்லை. ஆனால் வழியில் முன்பின் தெரியாதவர்கள் என் காலில் எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறார்கள். அதன் பிறகு என்னால் என் தம்பியோடு பேசாமல் இருக்க முடியவில்லை. நான் நம்புவது அதை. வட்டம் தெரிவதற்கு முன்னாலும் உங்கள் அம்மா பூண்டுக் கூடையோடு கோயிலுக்குப் போனவர்தானே?

பூம்பாறைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வாத்தியார் சொன்ன நீர்த்துளி உட்பட. உடையவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப என் கண்ணுல தெரிஞ்சதை உனக்குக் காட்டவே முடியாதா?" என்று கேட்டார். முடியாது என்றேன். "அவன் வெயிலு, அவன் மேகம். அன்னைக்குக் கும்பிட்டது கும்பிட்டதுதான்" என்றார்.

காலையில் எழுந்து பார்த்தால் கத்தியில் செம்பருத்தியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டிலும் அந்த ஆள் பணம் கேட்டிருக்கிறாராம், அவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை மேகம் இறங்கினால் பேத்தியைக் கோக்கர்ஸ் வாக்குக்குக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். தோளில் தூக்கி வைத்துக்கொண்டால் வட்டம் இருவருக்கும் எங்கே தெரியும் என்று பார்க்கவேண்டுமாம்.