பிஜியில் கவிழ்ப்பு மூன்றா, நான்கா?

கரும்புக்காடு: "பிஜியில் நடந்தது மூன்றே ஆட்சிக் கவிழ்ப்பு, 2013 அரசியலமைப்போடு அந்த நோய் தீர்ந்தது" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று இல்லை, நான்கு. 1987 மே 14, அதே வருஷம் செப்டம்பர் 25, 2000 மே 19, 2006 டிசம்பர் 5. விரல் விட்டு எண்ணுங்கள்.

வரலாற்று மாணவன்: எழுதியது நான்தான். 1987இல் இரண்டு தடவையும் இராணுவ அதிகாரி ரம்புக்காதான். ஒரே ஆள், ஒரே நோக்கம், நாலு மாதம். அது ஒன்று. ஆக மூன்று.

கரும்புக்காடு: மேயில் பிரதமர் பவந்திராவின் அரசைக் கவிழ்த்தார். பவந்திரா தரப்பும் எதிர்க்கட்சியும் சேர்ந்து ஆளலாம் என்று கவர்னர் ஜெனரல் பேசி முடித்த இரண்டாம் நாளே மறுபடி படையை இறக்கி, அக்டோபரில் குடியரசு என்று அறிவித்தார். ஒரே வீட்டில் இரண்டு தடவை திருடினால் ஒரு திருட்டா, தம்பி?

சுவாவாசி: எண்ணிக்கை கிடக்கட்டும். 2006இல் கவிழ்த்த இராணுவத் தளபதி பைனிமராமா கொண்டுவந்த 2013 அரசியலமைப்புச் சட்டத்தில்தான் எல்லாருக்கும் 'பிஜியன்' என்ற பெயர் உறுதியானது. இனவாரித் தொகுதி ஒழிந்தது. நான்கு தலைமுறையாக இங்கே இருக்கிறோம், முன்பெல்லாம் தாளில் 'இந்தியன்'தான்.

கரும்புக்காடு: அதே சட்டத்தின் 131ஆம் பிரிவு நாட்டின் பாதுகாப்போடு மக்களின் நல்வாழ்வையும் இராணுவத்தின் பொறுப்பில் விட்டிருக்கிறது. கவிழ்த்தவர்களைத் தண்டிக்க முடியாதபடி காப்பும் உண்டு. சட்ட நிபுணர் யஷ் காய் தலைமையிலான குழு எழுதிய அரசியலமைப்பு வரைவைத் தள்ளிவிட்டுச் செய்தது அது. நான்காவது கவிழ்ப்பு பெற்ற பிள்ளை.

வரலாற்று மாணவன்: மூன்றாவது.

நாந்திக்காரன்: 2000ஐ ஏன் சேர்க்கிறீர்கள்? அதை நடத்திய ஸ்பெய்ட் ஒரு வியாபாரி. இந்திய வம்சாவளிப் பிரதமர் சௌத்ரியை 56 நாள் அடைத்துவைத்தும் ஆட்சி அவர் கைக்கு வரவில்லை.

கரும்புக்காடு: சௌத்ரி கைக்குத் திரும்ப வந்ததா? அப்போது முவானிவேனி கிராமத்திலிருந்து அடிபட்டு ஓடி, லௌதோக்கா நகர முகாமில் கிடந்த இந்தியக் குடும்பங்களிடம் போய், 'கவிழவில்லை' என்று சொல்லுங்கள்.

சுவாவாசி: ஓடிப்போய் சிட்னியில் உட்கார்ந்தவர் பேசுகிறார். ரம்புக்காவே 2023இல் மன்னிப்புக் கேட்டாயிற்று.

கரும்புக்காடு: நான் ஓடவில்லை. அப்பாவின் நிலக் குத்தகையைப் புதுப்பிக்கவில்லை, போனோம். அறுத்த கரும்புக்குக் கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. மன்னிப்பால் 131ஆம் பிரிவில் ஒரு எழுத்தாவது அழிந்ததா?

சுவாவாசி: தங்கிப் பாடுபட்டவன் நான். சட்டத்தைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம்.

வரலாற்று மாணவன்: திருட்டு உவமைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரே திருடன் என்றால் ஒரே வழக்குதான். மூன்று.

கரும்புக்காடு: நான்கு.