புகாருக்குப் பிறகு நீக்கிய படம் மூன்று வாரத்தில் திரும்ப வந்துவிட்டது, என்ன செய்வது?

மஞ்சக்குப்பம் ஸ்டூடியோ:
கடலூரில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30, தானே புயல் கரையைக் கடந்த அன்று, காற்று தணிந்ததும் தேவனாம்பட்டினம் போய் மணலில் கவிழ்ந்து கிடந்த ஒரு படகைப் படம் பிடித்தேன். ஓரத்தில் ஸ்டூடியோ பெயர் இருக்கும். இப்போது பார்த்தால், யார் வேண்டுமானாலும் படம் ஏற்றக்கூடிய ஒரு தளத்தில் அது இருக்கிறது, பெயர் இருந்த ஓரம் மட்டும் இல்லை. கூடவே பண்ருட்டிப் பக்கம் சாய்ந்து கிடந்த முந்திரித் தோப்பை நான் எடுத்த இன்னொரு படமும்.

நெட்டில் கிடைத்த மாதிரிக் கடிதத்தை நிரப்பி இரண்டுக்கும் சேர்த்துப் புகார் அனுப்பினேன். மறுநாளே நீக்கிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து இரண்டும் பழைய இடத்திலேயே நிற்கின்றன! திரும்ப எழுதினால் பதிலே இல்லை. காப்புரிமையைப் பதிவு செய்யாததுதான் காரணமா?

உப்பனாறு:
விடுங்கண்ணே. நெட்டில் போட்டுவிட்டால் அது ஊர்ச் சொத்து.

முத்தியால்பேட்டை:
ஊர்ச் சொத்தெல்லாம் இல்லை தம்பி. எடுத்தவர் இருக்கும் காலம் முழுக்கவும், அவர் இறந்த ஆண்டு முடிந்து 60 வருடத்துக்கும் உரிமை உண்டு.

ஸ்டூடியோக்காரருக்கு: பதிவு கட்டாயமில்லை, எடுத்த உடனே உரிமை வந்துவிடும். (காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்கு. படத்துக்குப் பதிப்புரிமை. ஆளாளுக்குக் குழப்பிக்கொள்ளும் இடம் இது.)

நீங்கள் அனுப்பிய கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்துப் பாருங்கள். 'ஏற்றியவர்மீது வழக்குப் போட்டு 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவைத் தருகிறேன்' என்று இருக்கும். 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில் 75ஆவது விதி அந்த உறுதிமொழியைக் கேட்கிறது. புகார் சரியாக இருந்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் படத்தை மறைக்க வேண்டும், ஆனால் 21 நாளுக்குத்தான். உத்தரவு வராவிட்டால் திரும்பக் காட்டலாம். அப்புறம் அதே ஆள், அதே படம், அதே இடம் என்று மறுபடி எழுதினால் பதில் சொல்லும் கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

மஞ்சக்குப்பம் ஸ்டூடியோ:
பார்த்தேன் சார், இருக்கிறது. சத்தியமாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சர்வர் அமெரிக்காவில் என்கிறார்கள். அங்கே எழுதினால்?

லாஸ்பேட்டை வெப்:
எழுதலாம். 1998இல் வந்த டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் அங்கே இருக்கிறது. சர்வர் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பினால் பெரும்பாலும் சீக்கிரம் இறக்கிவிடுவார்கள். ஆனால் ஏற்றியவர் 'இது என்னுடையது' என்று எதிர் நோட்டீஸ் கொடுத்தால், நீங்கள் வழக்குப் போட்டதாகத் தெரிவிக்காதவரை 10 முதல் 14 வேலை நாளில் படம் திரும்ப ஏறிவிடும். அங்கேயும் கோர்ட்டில்தான் போய் நிற்கும். எதிர் நோட்டீஸ் கொடுக்கப் பலருக்குத் தைரியம் இருக்காது என்பது ஒன்றுதான் நமக்குச் சாதகம்.

இன்னொன்று, படத்தை ஏற்றியது வெளியாள்தானா, தளத்து ஆட்களேவா? அவர்களே போட்டிருந்தால் இந்த 21 நாள் கணக்கைக் காட்டித் தப்பிக்க முடியாது.

மஞ்சக்குப்பம் ஸ்டூடியோ:
வெளியாள்தான். நெல்லிக்குப்பம் என்று போட்டிருக்கிறார்.

வில்லியனூர் கேமரா:
அண்ணா, முந்திரித் தோப்புப் படத்தை நீங்களாகப் போய் எடுத்தீர்களா, யாராவது கூப்பிட்டு எடுத்ததா?

மஞ்சக்குப்பம் ஸ்டூடியோ:
தோப்புக்காரர் கூப்பிட்டார். நஷ்ட ஈட்டு மனுவோடு வைக்க வேண்டும் என்று பணம் கொடுத்து எடுக்கச் சொன்னார். ஏன் கேட்கிறீர்கள்?

வில்லியனூர் கேமரா:
அப்படியென்றால் அது உங்கள் படம் இல்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆவது பிரிவு. ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் அவர்தான். கல்யாண ஆல்பத்தை ஸ்டூடியோ வாசலில் விளம்பரமாக மாட்டி வைத்து, பெண் வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் இதைத் தெரிந்துகொண்டேன். அந்தப் படத்துக்கான புகாரை உடனே திரும்பப் பெறுங்கள். எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டால் படகுப் படத்திலும் உங்கள் பேச்சு எடுபடாது.

முத்தியால்பேட்டை:
சரியான கேள்வி அம்மா, எனக்குத் தோன்றவில்லை. படகுப் படத்துக்கு ஒரிஜினல் கோப்பு, தேதி எல்லாம் பத்திரமாக இருக்கிறதா? இருந்தால் முதலில் ஏற்றியவருக்கு வக்கீல் நோட்டீஸ் விடுங்கள். மசியவில்லை என்றால் வழக்கு. 62ஆவது பிரிவுப்படி நீங்கள் தொழில் செய்யும் ஊரிலேயே, கடலூர் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். தளம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம்.

மஞ்சக்குப்பம் ஸ்டூடியோ:
பழைய ஹார்ட் டிஸ்கில் வெட்டாத முழுப் படமும் தேதியோடு இருக்கிறது. தோப்புப் படத்துக்கான புகாரைத் திரும்பப் பெற்று மெயில் போட்டுவிட்டேன். நெல்லிக்குப்பத்துக்காரருக்கு நோட்டீஸ் திங்கட்கிழமை போகிறது. தோப்புக்காரரிடமும் சொல்லிவிடலாம் என்று போன் அடித்தேன், அவர் இன்னும் எடுக்கவில்லை.