லண்டன் பப்பில் குடும்பச் சாப்பாடு: 14, 16 வயதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

ஹரோவாசி:
வணக்கம். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு உள்ளூர் பப் ஒன்றில் இரவுச் சாப்பாடு வைக்க யோசிக்கிறோம். 14 வயது மகனும் 16 வயது மகளும் வருவார்கள். அவர்களின் மச்சான்மார் இருவர், 15 வயது, எங்களுக்கு முன்பே தனியாக வந்து காத்திருக்கக்கூடும். 18 ஆகாதவர் உள்ளே கால் வைக்கவே கூடாது என்கிறார்கள் சிலர். பெரியவர் கூட இருந்தால் எதுவும் செய்யலாம் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?

லைசென்ஸ்காரன்:
இரண்டும் பிழை. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் 2003ஆம் ஆண்டின் லைசென்சிங் சட்டம்தான். உள்ளே நுழைவதைப் பற்றிய 145ஆம் பிரிவு பார்ப்பது 18ஐ அல்ல, 16ஐ. குடிப்பதற்கென்றே முழுக்கவோ பெரும்பாலுமோ நடக்கும் இடத்தில், 16 நிரம்பாத பிள்ளை 18 நிரம்பிய ஒருவரின் துணை இல்லாமல் இருக்கக் கூடாது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை, அங்கேயே குடிக்க மது விற்கும் ரெஸ்டாரண்டுக்கும் இதே விதி. மீறினால் பிள்ளைக்கல்ல, உள்ளே விட்ட பொறுப்பாளருக்கு 1,000 பவுண் வரை அபராதம். ஆகவே மச்சான்மாரைத் தனியாக உள்ளே அனுப்பாதீர்கள். பெரியவர் ஒருவர் முதலில் போய் மேசையில் இருக்கட்டும்.

ஆனால் சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான். ஒவ்வொரு பப்பின் லைசென்ஸிலும் தனி நிபந்தனை இருக்கலாம்: இரவு 9க்குப் பிறகு பிள்ளைகள் கூடாது, சாப்பாட்டுப் பகுதியில் மட்டும் இருக்கலாம் என்பது போல. சில பப்களில் கேக் வெட்டும் நேரத்தில் பிள்ளைகளை எழும்பிப் போகச் சொல்வது இதனால்தான். லைசென்ஸின் சுருக்கத்தைக் கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தடையோ கட்டுப்பாடோ உண்டா என்பது அதிலேயே இருக்கும். புக் பண்ணும்போது பிள்ளைகளின் வயதைச் சொல்லி, எத்தனை மணி வரை, எந்தப் பகுதியில் என்று மின்னஞ்சலில் பதில் வாங்கிவிடுங்கள்.

கல்லாப்பக்கம்:
மகளுக்கு 16 என்பதால் ஒன்று சேர்க்கிறேன். மேசையில் இருந்து சாப்பாடு சாப்பிடும்போது, கூட ஒரு பெரியவர் இருந்தால், 16, 17 வயதினர் பியர், வைன், சைடர் மட்டும் குடிக்கலாம். வாங்குவது பெரியவராக இருக்க வேண்டும். மகள் தானே போய்க் கேட்டால் அது குற்றம். விஸ்கி, வொட்கா, அவை கலந்த காக்டெயில் எதற்கும் இந்த விலக்கு இல்லை. ஒரு பாக்கெட் கிரிஸ்ப்ஸ் சாப்பாடு ஆகாது. சட்டம் இடம் கொடுத்தாலும் பப் மறுக்கலாம், பல இடங்களில் மறுப்பார்கள். 14 வயது மகனுக்கு உங்கள் கிளாஸிலிருந்து ஒரு வாய் கொடுப்பதும் கூடாது. பெரியப்பாமார் அன்பாகச் செய்வது இதுதான், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

18 தாண்டியும் இளமையாகத் தெரிபவர்கள் பாஸ்போர்ட், படமுள்ள டிரைவிங் லைசென்ஸ், அல்லது வயதை உறுதிப்படுத்தும் PASS திட்டத்தின் ஹோலோகிராம் (மினுங்கும் முத்திரை) உள்ள அட்டை கொண்டுவரட்டும். பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து போனில் காட்டினால் ஹோலோகிராமைப் பார்க்க முடியாது, ஏற்க மாட்டார்கள். 25க்குக் கீழே தெரிந்தால் ஐடி கேட்பது இங்கே கடைகளின் கொள்கை, சட்ட வயது 18தான்.

ஹரோவாசி:
மிக்க நன்றி. பப் சரிவராவிட்டால் மண்டபம் எடுத்து நாங்களே போத்தல் வாங்கி வைத்தால்?

லைசென்ஸ்காரன்:
இலவசமாகக் கொடுத்தால் மதுவுக்கு லைசென்ஸ் தேவையில்லை. காசுக்கு விற்றால், டிக்கெட் விலைக்குள் பானத்தைச் சேர்த்தாலும், கவுன்சிலுக்குத் தற்காலிக நிகழ்வு அறிவித்தல் கொடுக்க வேண்டும்: கட்டணம் 21 பவுண், ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் கூடாது. குறைந்தது 10 வேலைநாள் முன்பே கொடுங்கள். கொடுக்கும் நாளும் விழா நாளும் அந்தக் கணக்கில் சேராது. மண்டபத்துக்கே லைசென்ஸ் இருக்கிறதா, வெளிப் போத்தலை விடுவார்களா என்று முற்பணம் கட்டுமுன் கேளுங்கள்.